சோல் டாக்டர்: கிட்டார் தூக்கிய ரப்பியும் 66 காட்சிகளும்

கேள்வி இதுதான்: “நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஓடிய ‘சோல் டாக்டர்’ என்ற இசை நாடகம் ஒரு யூத மதகுருவின் வாழ்க்கையைச் சொல்கிறதாமே, அது உண்மைக் கதையா? கறுப்பினப் பாடகி நீனா சிமோன் அதற்குள் எப்படி வந்தார்? பாட்டெல்லாம் நன்றாக இருந்தும் ஏன் இரண்டே மாதத்தில் நின்றுபோனது?”

ஆள் உண்மை, பாட்டு உண்மை, கதை பாதி உண்மை. நின்றுபோனதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் கணக்கில் முதல் காரணம், அந்தப் பாட்டுகள் நாடகத்துக்கு வளைந்துகொடுக்காத பாட்டுகள். அதை விளக்க முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷ்லோமோ கார்லபாக் 1925 ஜனவரியில் பெர்லினில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். இன்னொருவர் எலி ஹயீம். தாத்தா லூபெக் நகரத்தின் ரப்பி, அதாவது யூத மதகுரு, அவர் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள். பெரியப்பா யோசப் கார்லபாக் ஹாம்பர்க்கின் தலைமை ரப்பி. 1942இல் ரீகா அருகே நாஜிகள் அவரைக் கொன்றார்கள். அப்பா நாப்தலி, வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள பாடன் ஊரின் ரப்பியாக 1931இல் பொறுப்பேற்றார். ஆக, இந்தப் பையன் என்ன ஆவான் என்று யாரும் ஜாதகம் பார்க்கத் தேவையில்லை. ரப்பிதான்.

1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். குடும்பம் லிதுவேனியா வழியாகத் தப்பி 1939இல் நியூயார்க் வந்து சேர்ந்தது. ஷ்லோமோ அங்கே பழமைவாத மதப் பள்ளிகளில் படித்தார். நியூஜெர்சியின் லேக்வுட்டில் ரப்பி ஆரோன் கோட்லர் நடத்திய பள்ளியில் இருந்தபோது, தால்முத் என்ற யூதச் சட்ட நூலின் அறிஞராகப் பெரிய இடத்துக்கு வருவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ அங்கிருந்து, பக்தியும் பாட்டுமாக இருக்கும் ஹசிதியம் என்ற யூத மரபில் லுபாவிச் பிரிவினரிடம் போய்விட்டார். கோட்லரின் வட்டாரத்துக்கு ஹசிதியம் என்றால் உணர்ச்சிவசப்பட்டவர்களின் கூடாரம். நல்ல படிப்பாளி பஜனை மடத்தில் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி அவர்களுக்கு இருந்திருக்கும்.

1949இல் அன்றைய லுபாவிச் ரெபே, அதாவது அந்தப் பிரிவின் தலைமைக் குரு, அவரையும் சல்மான் ஷாக்டர் என்ற இன்னொரு இளைஞரையும் கூப்பிட்டு, கல்லூரிகளுக்குப் போய் யூத மாணவர்களைப் பிடியுங்கள் என்று அனுப்பினார். நாஜிகளின் படுகொலையில் பாதி உறவுகளை இழந்த சமூகம். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளோ மதத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் சட்ட நூலைத் திறந்தால் யாரும் உட்கார மாட்டார்கள், பாட்டென்றால் உட்காருவார்கள். அப்படித்தான் அவர் கைக்குக் கிட்டார் வந்தது. 1959இல் முதல் இசைத்தட்டு. பிறகு கிரீன்விச் வில்லேஜ் காபிக்கடைகள், 1966இல் பெர்க்லி நாட்டுப்புற இசை விழா, 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹிப்பிகளுக்காக ‘அன்பும் பிரார்த்தனையும் இல்லம்’. கூட்டத்தில் இருப்பவர்களைப் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ‘ஹோலி பிரதர்’, ‘ஹோலி சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். 1994 அக்டோபரில், நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில், புறப்படவிருந்த விமானத்துக்குள்ளேயே மாரடைப்பில் இறந்தார். கடைசி வரை கச்சேரிப் பயணம்தான்.

இதற்குள் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. நாடகம் அதை நன்றாகவே பிடித்துக்கொண்டது. கட்டுப்பாடான யூதர்களிடம் மூன்று விதிகள்: பெண் பாடுவதை அந்நிய ஆண் கேட்கக்கூடாது, மனைவி, நெருங்கிய ரத்த உறவு தவிர வேறு பெண்ணைத் தொடக்கூடாது, ஜெப ஆலயத்தில் ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் நடுவே தடுப்பு வேண்டும். ஷ்லோமோவின் கூட்டங்களில் ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்தார்கள், சேர்ந்து பாடினார்கள். அவர் வருகிறவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தார். லுபாவிச்சிலிருந்து அவர் விலக இதுவே பெரிய காரணம். மற்ற ரப்பிகளில் பலர் அவரைத் தள்ளி வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவரைத் தள்ளி வைத்தவர்களின் ஜெப ஆலயங்களிலேயே இன்று அவர் மெட்டு ஒலிக்கிறது. பாடுகிற பாதிப் பேருக்கு அது யார் போட்டது என்றே தெரியாது. மெட்டுக்கு அதைவிடப் பெரிய பரிசு இருக்கிறதா?

சரி, நாடகம். கதை எழுதி இயக்கியவர் டேனியல் வைஸ், ஆங்கிலப் பாடல் வரிகள் டேவிட் ஷெக்டர், இசை ஷ்லோமோவுடையது. நியூ ஆர்லியன்ஸ், ஃபுளோரிடா என்று சுற்றி, 2012இல் நியூயார்க்கில் சிறிய அரங்கில் போட்டுப் பார்த்து, 2013 ஆகஸ்ட் 15 அன்று பிராட்வேயில் ‘சர்க்கிள் இன் த ஸ்கொயர்’ அரங்கில் திறந்தார்கள். ஷ்லோமோவாக எரிக் ஆண்டர்சன், நீனா சிமோனாக ஆம்பர் இமான். அக்டோபர் 13 அன்று திரை விழுந்தது. திறப்புக்கு முந்தைய 32 காட்சிகளை விட்டுவிட்டால், மொத்தம் 66 காட்சிகள். பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு கணக்கு: 1964இல் தொடங்கிய ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ 3,242 காட்சிகள் ஓடியது. அதுவும் தாடிக்கார யூதர் கதைதான்.

நீனா சிமோன் விஷயத்துக்கு வருவோம். நாடகத்தில் ஷ்லோமோ ஒரு ஜாஸ் மதுக்கூடத்துக்குள் தற்செயலாக நுழைகிறார். அங்கே பியானோ முன்னால் நீனா. அந்த நட்புதான் கறுப்பினத் தேவாலய இசைக்கு அவர் காதைத் திறந்துவிடுகிறது. இருவரும் ஒரே காலத்தில் அதே கிரீன்விச் வில்லேஜ் வட்டாரத்தில் பாடியவர்கள் என்பது உண்மை. நட்பு இருந்ததென்று நாடகத்தை உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அவர் வாழ்க்கையையே திருப்பிய நட்பாக மேடையில் வருவதை, நாடகக்காரர் எடுத்துக்கொண்ட உரிமை என்று வைத்துக்கொள்வதே நல்லது.

உரிமை எடுத்தார்கள் என்றாலும் ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பேன். நீனாவின் சொந்தப் பெயர் யூனிஸ் வேமன். வட கரோலினாவின் டிரையன் என்ற சின்ன ஊரில் 1933இல் பிறந்தவர். அம்மா தேவாலயப் போதகர். பெண் சின்ன வயதிலேயே அங்கே பியானோ வாசித்தாள். செவ்வியல் பியானோ கலைஞர் ஆவதுதான் கனவு. பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரி இடம் தரவில்லை; நிறம்தான் காரணம் என்று அவர் கடைசி வரை நம்பினார். 1954இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கப் போனார். முதலாளி, பாடவும் செய், இல்லையென்றால் வேலை இல்லை என்றார். பாடினார். மதுக்கூடத்தில் பாடுவது அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும் என்பதற்காகத்தான் பெயரையே மாற்றிக்கொண்டார். அதே கர்டிஸ் கல்லூரி 2003இல் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. அடுத்த சில நாளில் அவர் இறந்துபோனார்.

போதகரின் மகள் ஒரு பக்கம், ரப்பியின் மகன் மறுபக்கம். இருவருக்கும் வீட்டில் கடவுளின் பாட்டு, வெளியில் காசுக்குப் பாட்டு. இந்த ஒற்றுமைதான் நாடகத்தின் ஆகச் சிறந்த யோசனை. இன்னொன்றும் உண்டு. நீனா எபிரேயத்தில் பாடியிருக்கிறார். 1964இல் வந்த ‘ஃபோக்ஸி நீனா’ தட்டில், ‘பாலும் தேனும் ஓடுகிற தேசம்’ என்ற பைபிள் வேத வரியை எபிரேயத்திலேயே பாடுவார். அது ஷ்லோமோவின் மெட்டு அல்ல. அந்த நாளில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களிடம் எபிரேயப் பாட்டுகள் சாதாரணமாகப் புழங்கின. ஆனால் அந்தக் குரலில் அதைக் கேட்டுவிட்டால், இவர்கள் இருவரும் ஒரே மேடையில் நிற்பது அப்படியொன்றும் விபரீதக் கற்பனையாகத் தெரியாது. ஷ்லோமோவின் மகள் நெஷாமாவும் பாடகிதான்; அவர் அப்பாவின் பாட்டுகளைப் பிராங்க்ஸில் உள்ள ஒரு பாப்டிஸ்ட் தேவாலயக் குழுவோடு சேர்ந்து பாடிப் பதிவு செய்திருக்கிறார். ஒட்டாது என்று நினைப்பீர்கள். நன்றாகவே ஒட்டுகிறது.

இனி அந்த முதல் காரணம்.

ஷ்லோமோ போட்டது பெரும்பாலும் ‘நிகுன்’ வகை. ஹசிதியர்களின் மெட்டு வடிவம் அது. அமைப்பு எளிமையிலும் எளிமை: கீழே ஒரு பகுதி, மேலே ஒரு பகுதி. கீழ்ப்பகுதியை இரண்டு முறை, மேல்பகுதியை இரண்டு முறை, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. நம் காதுக்குப் பல்லவி, அனுபல்லவி ஞாபகம் வரும், சரணம்தான் வராது. சொற்கள் ஒரே ஒரு வேத வரி. அதுவும் தீர்ந்தபின் வெறும் ‘லை லை லை’. மூன்று நிமிடமும் பாடலாம், முப்பது நிமிடமும் பாடலாம். ஐந்தாவது சுற்றில்தான் கூட்டம் சூடேறும். பத்தாவது சுற்றில் யாராவது கண்ணை மூடுவார்கள். பாட்டு எங்கேயும் போவதில்லை. அங்கேயே நின்று ஆழமாகிறது.

இசை நாடகப் பாட்டுக்கு வேலையே வேறு. தொடங்கும்போது இருந்த ஆள் முடியும்போது இருக்கக்கூடாது. நாயகன் தன் ஆசையைச் சொல்ல ஒரு பாட்டு, முடிவெடுக்க ஒரு பாட்டு, உடைந்துபோக ஒரு பாட்டு. ஒவ்வொரு சரணமும் கதையை ஒரு படி நகர்த்த வேண்டும். ‘ஃபிட்லர்’ பாட்டுகள் அப்படிக் கட்டப்பட்டவை. அந்தந்தக் காட்சிக்கென்றே எழுதியவை. ‘சோல் டாக்டர்’ பாட்டுகளோ ஜெபத்துக்கு என்று பிறந்தவை. அவற்றை எடுத்து ஷெக்டர் ஆங்கில வரி போட்டார். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வட்டமாகச் சுற்றுகிற மெட்டுக்கு நேர்கோட்டில் போகிற வரி. கேட்க இனிமை, கை தானாகத் தட்டும், ஆனால் பாட்டு முடியும்போது கதை விட்ட இடத்திலேயே நிற்கும்.

ஒரு பாட்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘அம் இஸ்ராயேல் ஹை’ என்ற பாட்டு 1965இல் பிறந்தது. சோவியத் நாட்டில் அடைபட்டிருந்த யூதர்களுக்காக மாணவர் போராட்டம் நடத்திய யாக்கோப் பிர்ன்பாம், எங்களுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கியது. முதல் வரி, ‘இஸ்ரவேல் ஜனம் உயிரோடிருக்கிறது’. இரண்டாவது பகுதியை ஷ்லோமோ பைபிளின் ஆதியாகமத்திலிருந்து எடுத்திருக்கிறார். எகிப்தில் யோசேப்பு தன் அண்ணன்களிடம் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளும் இடத்தில் கேட்பான்: “என் தகப்பனார் இன்னும் உயிரோடே இருக்கிறாரா?” ஷ்லோமோ அந்தக் கேள்வியின் சொற்களைத் திருப்பி, ‘நம் தகப்பன் இன்னும் உயிரோடே இருக்கிறார்’ என்று பதிலாக்கிவிட்டார். எபிரேயத்தில் ஓர் எழுத்தும் ஓர் ஒட்டும்தான் மாறுகின்றன. படுகொலை முடிந்து இருபது வருடம், பெரியப்பாவை இழந்த குடும்பம், தகப்பன் இருக்கிறாரா என்ற கேள்வியை விடையாக்கிப் பாடுகிறது. அதற்கு மேல் வரி வேண்டுமா? மொத்தம் ஆறேழு சொல். விளக்க வரி சேர்த்தால் பாட்டு மெலிந்துவிடும். மேடையில் விளக்காமலும் இருக்க முடியாது, எதிரே இருப்பவர்களில் எத்தனை பேருக்கு எபிரேயம் தெரியும்?

இரண்டாவது காரணம் நாட்காட்டி. இது என் சொந்தக் கணக்கு, சரியா என்று நீங்களே பாருங்கள். பிராட்வேயில் வழக்கமாக வாரத்துக்கு 8 காட்சிகள். இந்தக் கதைக்கு முதலில் ஓடிவர வேண்டியவர்கள், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையிலான சபாத் ஓய்வு நாளைக் கடைப்பிடிக்கும் யூதர்கள். வெள்ளி இரவுக் காட்சிக்கு அவர்கள் வர முடியாது. சனி மதியம் முடியாது. ஆகஸ்ட் மாத நியூயார்க்கில் சபாத் முடிய இரவு எட்டு தாண்டும். ஆக எட்டு மணிச் சனிக்கிழமைக் காட்சிக்கும் முடியாது. நல்ல வசூல் வருகிற வார இறுதிக் காட்சிகளில் மூன்று போச்சு. போதாக்குறைக்கு 2013இல் யூதப் பண்டிகைகள் வழக்கத்தைவிட மிகவும் முன்னால் வந்தன: செப்டம்பர் 4 மாலை புத்தாண்டு, 13 மாலை பாவநிவாரண நாள், 18 மாலை கூடாரப் பண்டிகை. நாடகம் காலூன்ற வேண்டிய மாதம் முழுக்கப் பண்டிகை. இத்தனைக்கும் முன்காட்சிகள் தொடங்கிய ஜூலை 17, எருசலேம் ஆலயம் இடிந்ததற்கான துக்க நோன்புக்கு மறுநாள். நோன்புக்கு முந்தைய மூன்று வாரம் கட்டுப்பாடானவர்கள் இசையே கேட்க மாட்டார்கள். தொடக்க நாளை யாரோ பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறித்திருக்க வேண்டும். செப்டம்பரை மாற்றத்தான் யாராலும் முடியவில்லை. சபாத் கடைப்பிடிக்காத யூதர்களுக்கும் மற்றவர்களுக்கும், யார் இந்த ரப்பி என்றே தெரியாது.

மூன்றாவதை எழுதக் கொஞ்சம் கசப்பாக இருக்கிறது, ஆனால் விட்டால் பதில் முழுமையாகாது. ஷ்லோமோ இறந்து நான்கு வருடம் கழித்து, 1998இல், ‘லிலித்’ என்ற யூதப் பெண்கள் பத்திரிகை ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அவர் தங்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் பெண்கள் பலர் அதில் சொன்னார்கள். சிலர் சம்பவம் நடந்தபோது பதின்வயதுப் பெண்கள். அவர் உயிரோடில்லை, விசாரணை என்று ஒன்று நடக்கவில்லை. நாடகம் வந்தது அதற்கு 15 வருடம் கழித்து. கட்டிப்பிடிப்பதை எதிர்க்கும் பழைய ரப்பிகள் கெடுபிடிக்காரர்கள், கட்டிப்பிடிப்பவர் அன்பின் உருவம்: நாடகம் போட்ட கோடு இதுதான். கட்டுரையைப் படித்தவர்களுக்கு அந்தக் காட்சிகளில் எப்படிக் கை தட்ட வரும்? 2018 ஜனவரியில் மகள் நெஷாமாவே, அந்தப் பெண்களின் குரலைக் கேட்கிறேன் என்று பொதுவெளியில் எழுதினார். அதே காலத்தில் மன்ஹாட்டனின் சென்ட்ரல் ஜெப ஆலயம் ஒரு வருடத்துக்கு அவர் மெட்டுகளைப் பாடாமல் நிறுத்தி வைத்தது. இன்று யாராவது அதே நாடகத்தை எடுத்தால் அதே வடிவத்தில் போட முடியாது. நாடகக் கலைப்படியும் அது நஷ்டம் என்பேன். தனக்கென்று நிழல் இல்லாத நாயகனுக்கு மேடையில் செய்ய ஒன்றும் இருக்காது, எல்லாரையும் பார்த்துப் புன்னகைப்பதைத் தவிர.

இந்த வகைக் கதைக்கு முன்னோடி உண்டா என்று யாராவது கேட்பீர்கள். உண்டு. ‘த ஜாஸ் சிங்கர்’ நாடகம் பிராட்வேயில் வந்தது 1925இல், ஷ்லோமோ பிறந்த அதே வருடம். இரண்டு வருடத்தில் படமாகி, பேசும் படக் காலத்தையே தொடங்கி வைத்தது. ஜெப ஆலயத்தில் பாடுகிற பரம்பரையின் மகன் மேடைக்கு ஓடிப்போகும் கதை. அதில் பையன் ஆலயத்தை விட்டு மேடைக்குப் போகிறான். ஷ்லோமோ ஆலயத்தையே தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். ‘சோல் டாக்டரும்’ பிராட்வேக்குப் பிறகு ஒரு வகையில் ஆலயத்துக்கே திரும்பியது: 2014 கடைசியில் மன்ஹாட்டன் 47ஆம் தெருவில் ‘ஆக்டர்ஸ் டெம்பிள்’ என்ற இடத்தில் சில மாதம் போட்டார்கள். அது 1917இல் தொடங்கிய நிஜமான ஜெப ஆலயம். வருமானத்துக்காக அரங்காகவும் வாடகைக்கு விடுகிறார்கள்.

நான் நியூஜெர்சியில் வேலை பார்த்த நாட்களில், கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தன் ஜெப ஆலயத்துக்குக் கூட்டிப்போனார். “கார்லபாக் முறை” என்று மட்டும் சொன்னார். கிட்டார் எங்கே என்று தேடினேன். சபாத்தில் வாத்தியம் தொடக்கூடாது என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. மைக் கிடையாது. வழிநடத்துபவர் நடுவில் ஒரு சின்ன மேசை முன்னால் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார், உள்ளங்கையால் மேசையைத் தட்டித் தாளம். பைபிளின் 95ஆம் சங்கீதத்தில் தொடங்கியது. நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பக்கத்தில் இருந்த பெரியவர் பேசாமல் திருப்பி வைத்தார். மூன்றாவது சங்கீதத்தில் மெட்டு பிடிபட்டுவிட்டது. எழுத்து தெரியாவிட்டாலும் ‘லை லை’ சொல்ல யாருக்குத்தான் வராது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பெண்களின் குரல் மேல்ஸ்தாயியில் ஏறி வந்தது. இந்தப் பக்கம் யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

‘லெகா தோதி’ வந்ததும் ஆண்கள் தோளில் கை போட்டு வரிசையாகச் சுற்றிவரத் தொடங்கினார்கள். என்னையும் இழுத்துக்கொண்டார்கள். சபாத்தை மணப்பெண்ணாக வரவேற்கும் 16ஆம் நூற்றாண்டுப் பாட்டு அது. எத்தனை சுற்று போனோம் என்று கணக்கில்லை. கடைசிச் சரணத்தில் திடீரென்று எல்லாரும் நின்று, மேசையை விட்டுவிட்டு, வாசல் பக்கம் திரும்பிக் குனிந்தார்கள். நானும் திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை. கோட்டு மாட்டும் கொக்கிகள், பாதி திறந்த கதவு, வெளியே கார் நிறுத்துமிடத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது.